சந்தை பெரிதானால் அலுவலரின் வேலையும் பெரிதாகும்

"விதை, உரம், பூச்சிமருந்து எல்லாம் தனியார் கடையில் கிடைக்கிறது. விலை நிலவரம் கைபேசியில் வருகிறது. இனி வேளாண்மைத் துறை அலுவலர்கள் எதற்கு?" என்ற கேள்வி கிராமத்து டீக்கடையிலும் கேட்கிறது. சந்தை சார்ந்த சீர்திருத்தம் என்றாலே அரசுப் பணியாளர்களைக் குறைப்பது என்று பலர் எண்ணுகிறார்கள். உழவர்கள் இதை அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது.

விதையை எடுத்துக்கொள்ளுங்கள். மூட்டையைப் பிரித்துப் பார்த்து முளைப்புத்திறனையோ இனத்தூய்மையையோ யாராலும் சொல்லிவிட முடியாது. தவறு தெரியவரும்போது பருவம் கடந்திருக்கும். அதனால்தான் 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டம், கடைக்குள் சென்று மாதிரி எடுக்கும் அதிகாரத்தை விதை ஆய்வாளருக்குக் கொடுத்தது. சான்று பெற்ற நெல் விதைக்குக் குறைந்தது 80 சதவீத முளைப்புத்திறன் வேண்டும். அதற்கு அடையாளமான நீல நிற அட்டையை நாம் நம்புவது, அதன் பின்னால் ஓர் அலுவலர் வயலையும் விதையையும் பார்த்திருக்கிறார் என்பதால்தான். கடைகள் பெருகும்போது ஆய்வாளர்கள் குறைந்தால் அந்த நம்பிக்கை என்னாகும்?

விலையிலும் இதே கதைதான். பி.டி. பருத்திக்கு 2002-இல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது. 450 கிராம் விதைப் பாக்கெட் 1,500 ரூபாய்க்கு மேல் விற்றது. அதில் கணிசமான பங்கு தொழில்நுட்ப உரிமத் தொகை. தனி விவசாயியால் என்ன செய்திருக்க முடியும்? 2006-இல் அன்றைய ஆந்திரப் பிரதேச அரசு, ஏகபோக வணிக முறைகளை விசாரிக்கும் ஆணையத்தில் வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டில் விலை 750 ரூபாயாக இறங்கியது. உழவருக்காகக் கோப்பு தயாரித்து வாதாட ஓர் அரசுத் துறை இருந்ததால் நடந்தது இது.

சந்தையைத் திறந்துவிட 2020-இல் கொண்டுவந்த வேளாண் சட்டங்களையும் பாருங்கள். வியாபாரி பணம் தராவிட்டால் உரிமையியல் நீதிமன்றம் போக முடியாது, கோட்டாட்சியரிடம்தான் முறையிட வேண்டும் என்றது அவற்றில் ஒன்று. பட்டா, வெள்ள நிவாரணம், தேர்தல் என்று ஏற்கெனவே நெருக்கடியில் இருக்கும் அதே அலுவலகம்! 2021-இல் அந்தச் சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன. ஆனால் பாடம் நிற்கிறது. சந்தையைத் திறக்கும் சட்டமும் கடைசியில் ஓர் அரசு அலுவலரின் மேசைக்குத்தான் வந்து சேருகிறது.

அலுவலர்கள் அனைவரும் குறையற்றவர்கள் என்று சொல்லவில்லை. வயலுக்கு வராமல் பதிவேட்டை நிரப்புவதும், கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று கை நீட்டுவதும் நீங்கள் அறியாததல்ல. ஆனால் சரியில்லாத நடுவரைக் கேள்வி கேட்கலாம், மாற்றலாம். நடுவரே இல்லாத ஆட்டத்தில் வலுத்தவன் வைத்ததே சட்டம்.

களப்பணியாளர்களுக்கும் ஒரு சொல். பூச்சி தாக்கினால் உழவர் முதலில் ஓடுவது மருந்துக் கடைக்கு. விற்பவரே வைத்தியராகவும் இருந்தால் ஒரு மருந்து மூன்றாகும். விற்பனை லாபத்தில் பங்கில்லாமல் ஆலோசனை சொல்லக்கூடியவர் நீங்கள். மானியப் பட்டியல் தயாரிப்பதிலேயே பொழுது போய்விட்டால், உங்கள் இடத்தைக் கடைக்காரர் எடுத்துக்கொள்வார்.

உழவர்களே, விதை வாங்கும்போது குவியல் எண் எழுதிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள். அட்டையையும் பையையும் அறுவடைவரை எறியாதீர்கள். குறை இருந்தால் வேளாண்மை உதவி இயக்குநரிடம் எழுத்தில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மானியம் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். நம் வட்டாரத்தில் உதவி வேளாண்மை அலுவலர் பணியிடங்கள் எத்தனை காலி? இந்த ஆண்டு எத்தனை விதை மாதிரிகள் எடுக்கப்பட்டன? எத்தனை தேறவில்லை? இந்த மூன்று கேள்விகளையும் அடுத்த கூட்டத்திலேயே எழுப்புங்கள்.