பாதிக் கூலியும் முழு வயிறும்

கோயமுத்தூரில் பழைய ஜனங்கள் இன்றும் ஸ்டேன்ஸ் மில் என்று சொல்லுகின்ற கோயமுத்தூர் ஸ்பின்னிங் அண்டு வீவிங் மில், ஒண்டிப்புதூர் கம்போடியா மில், பீளமேட்டு ரங்கவிலாஸ் மில், பங்கஜா மில், முருகன் மில் ஆகிய ஐந்தும் 1974-ஆம் வருஷத்துத் தேசியமயச் சட்டத்திற்குப் பின் சர்க்காரின் தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் கீழ் நடந்து வந்தவை என்பது நமது வாசகர்கள் அறிந்ததே. 2020 மார்ச்சு மாதம் கொரோனாவை முன்னிட்டு நாடெங்கும் ஊரடங்கு போட்டபோது இந்த மில்களின் சங்கும் நின்றது. ஊரடங்கு தளர்ந்ததும் தனியார் மில்கள் வடநாட்டு ஆட்களைத் திரும்ப அழைத்துக்கொண்டு மெல்ல மெல்ல ஓட ஆரம்பித்தன. சர்க்கார் மில்கள் மாத்திரம் பிறகு முன்போல் ஓடவேயில்லை. தொழிலாளியை விலக்கவும் இல்லை. வேலை கொடுக்கவும் இல்லை. பாதிச் சம்பளம் என்று ஒன்றைக் கொடுத்து வருஷக்கணக்கில் வாசலிலேயே நிறுத்திவைத்தார்கள். அந்தப் பாதியும் மாதக்கணக்கில் பாக்கி விழுந்தது என்று தொழிலாளர்கள் வீதிக்கு வந்து முறையிடும்படியாயிற்று.

இதில் வேடிக்கை என்னவென்றால், 2020 மார்ச்சு 29-ந் தேதி இதே மத்திய சர்க்கார்தான், ஊரடங்குக் காலத்திற்கு எந்த முதலாளியும் ஒரு காசு பிடிக்காமல் முழுக் கூலியும் கொடுக்கவேண்டும் என்று ஊருக்கெல்லாம் உத்தரவு போட்டது. முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். மே மாதம் 17-ந் தேதி சர்க்கார் அந்த உத்தரவைத் தானாகவே வாபஸ் வாங்கிக்கொண்டது. ஜூன் 12-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, அந்த ஐம்பதுசொச்சம் நாள் கூலியைப் பற்றி முதலாளியும் தொழிலாளியும் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று வழி சொல்லிற்று. பத்தாயத்தில் நெல் வைத்திருக்கிறவனும், நாளை அடுப்புக்கு அரிசியில்லாதவனும் சமமாக உட்கார்ந்து பேசுவது என்றால் அதன் முடிவு எப்படியிருக்கும் என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை. பேச்சு நடந்த இடம் மிகச் சில. பேசாமல் விட்ட இடமே அதிகம்.

நிற்க, இந்த “பாதி” என்பது எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். தொழில் தகராறுச் சட்டத்தில் 1953-ஆம் வருஷம் ஒரு திருத்தம் செய்து, பஞ்சு இல்லை, மின்சாரம் இல்லை, நூல் தேங்கிவிட்டது, யந்திரம் பழுது என்பதுபோன்ற காரணங்களால் வேலை கொடுக்க முடியாத நாட்களுக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் நூற்றுக்கு 50 கொடுக்கவேண்டும் என்று வைத்தார்கள். இதைத்தான் நம் மில் தொழிலாளர்கள் “லே-ஆப்” என்கிறார்கள். ஒன்றுமில்லாமல் இருந்த காலத்தில் அது ஒரு பெரிய லாபம்தான். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அது நாலு நாள், பத்து நாள் நிற்கின்ற மில்லை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு. 45 நாளுக்கு மேல் போனால் தொழிலாளியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு அதையும் நிறுத்திவிடலாம் அல்லது ஆட்குறைப்புச் செய்யலாம் என்று அந்தச் சட்டமே சொல்லிற்று. இப்பொழுது அந்தப் பழைய சட்டம் போய், 2020-ல் இயற்றிய தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் அமலில் இருக்கிறது. பெயர் மாறிற்றே தவிர அந்த 50 மாறவில்லை. 1953-ல் ஒரு தொழிலாளியின் வயிற்றுக்குப் பாதிதான் என்று தீர்மானித்தவர்கள் போட்ட கணக்கை எழுபது வருஷத்திற்குப் பிறகும் எடுத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்தப் பாதியும் உண்மையில் பாதியா? வீட்டு வாடகைப்படி, இரவு ஷிப்டுப் படி, ஒழுங்காக வந்தால் கிடைக்கும் ஊக்கத்தொகை இவைகள் எல்லாம் கணக்கில் சேருவதில்லை. ஆகவே கைக்கு வருவது பழைய வருமானத்தில் பாதிக்கும் குறைவே. லே-ஆப் நாளை வேலை செய்த நாளாகச் சட்டம் எண்ணிக்கொண்டாலும், போனசு சம்பாதித்த சம்பளத்தின் மேல் போடப்படுவதால் தீபாவளிக்கு அதுவும் சுருங்கிப்போகும். (தீபாவளி வேண்டுமா என்பது வேறு சங்கதி, போனசு வேண்டியதுதான்.) வீட்டுக்காரன் பாதி வாடகை வாங்கிக்கொள்ளுவானா? பள்ளிக்கூடத்தில் பாதிச் சம்பளம் கட்டினால் பையனைப் பாதி வகுப்பில் உட்காரவைப்பார்களா?

இதைவிட அக்கிரமமானது ஒன்று உண்டு. பாதிக்கூலி வாங்கவேண்டுமானால், வேலையில்லை என்று தெரிந்திருந்தும் அவன் நாள்தோறும் ஷிப்டு நேரத்தில் மில் வாசலுக்கு வந்து தலையைக் காட்டவேண்டும். வந்து இரண்டு மணி நேரத்திற்குள் வேலை கிடைக்காவிட்டால்தான் அன்றைக்கு லே-ஆப் என்று எழுதுவார்கள். வராதவனுக்குக் கிடையாது. சூலூரிலிருந்தும் அன்னூரிலிருந்தும் பஸ் ஏறி வந்து, நின்று, கையெழுத்துப் போட்டுத் திரும்புகிறவனுக்கு வாங்குகின்ற பாதியில் பஸ் கூலி எவ்வளவு? பொழுதேறி வீடு திரும்பியவனை அன்றைக்கு வேறு எவன் கூலிக்கு அழைப்பான்? அதாவது முதலாளி பாதிக்கூலி கொடுத்து முழு மனிதனைக் கட்டிப்போட்டு வைக்கிறான் என்பதே இதன் அர்த்தம். அடிமை முறையில்கூட ஆண்டைக்கு முழுச்சோறு போடும் பொறுப்பு இருந்தது.

இவ்வளவும் மஸ்டரில் பெயர் உள்ளவனுடைய கதை. பெயர் இல்லாதவர் கதை இன்னும் மோசம். பதிலித் தொழிலாளிக்கு இந்தச் சட்டம் இல்லை. ஒரு வருஷத் தொடர் சர்வீசு இல்லாதவனுக்கு இல்லை. காண்டிராக்டர் மூலம் வந்து கழிவுப்பஞ்சு கூட்டி அள்ளுகின்ற பெண்ணுக்கு மில்லின் மஸ்டரிலேயே பெயர் இல்லை. தெற்கு ஜில்லாக்களிலிருந்து “பயிற்சி” என்ற பெயரால் அழைத்து வந்து விடுதியில் வைத்து நூற்கவிடுகின்ற பெண் குழந்தைகள் தொழிலாளிகளே அல்ல என்று காகிதத்தில் எழுதியிருக்கும். 50 பேருக்குக் குறைவான ஆட்களை வைத்திருக்கும் தொழிற்சாலைக்கும் சட்டம் இல்லை. அப்படியானால் கணபதியிலும் சிட்கோவிலும் உள்ள சின்னப் பட்டறைகள், சோமனூர், பல்லடம் விசைத்தறிக் கூடங்கள், திருப்பூர் ஜாப் ஒர்க் கொட்டகைகள் இவைகளில் பெரும்பாலானவை வெளியே. கொங்கு நாட்டின் தொழில் என்று பெருமை பேசுகின்ற போது இவைகளையெல்லாம் சேர்த்துக்கொள்ளுகிறோம். கூலி என்று வரும்போது மாத்திரம் கழித்துவிடுகிறோம்.

மில் மானேஜருக்கு லே-ஆப் என்று யாராவது கேள்விப்பட்டதுண்டா? வேண்டாம், மனிதரை விட்டுவிடுவோம். யந்திரத்திற்காவது லே-ஆப் உண்டா? நிற்கின்ற ஸ்பின்னிங் பிரேமுக்குத் துருப்பிடிக்காமல் எண்ணெய் போட்டே ஆகவேண்டும்; பாதி எண்ணெய் போதும் என்று எந்த முதலாளியும் சொல்லுவதில்லை. பாங்கிக் கடனுக்கு வட்டி நிற்பதில்லை. 2020-ல் ரிசர்வ் பாங்கு ஆகஸ்டு முடிய ஆறு மாதத் தவணை அவகாசம் கொடுத்தபோதுகூட வட்டி மேலே ஏறிக்கொண்டேதான் இருந்தது. மின்சாரத்தை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் டிமாண்ட் சார்ஜ் என்று ஒன்று கட்டவேண்டும். அந்த ஊரடங்கில் அதைக் குறைக்கவேண்டும் என்று மில்காரர்கள் முறையிட்டார்கள். அது நியாயம் என்றே நாமும் சொல்லுவோம். ஆனால் எடுக்காத மின்சாரத்திற்குப் பணம் கேட்பது அநியாயம் என்று தெரிகின்ற மனிதருக்கு, தன் கதவை மூடிக்கொண்டு தொழிலாளியின் கூலியைப் பாதியாக்குவது மட்டும் ஏன் அநியாயமாகத் தெரியவில்லை என்றுதான் கேட்கிறோம். பணத்திற்கு வாடகை உண்டு, கம்பிக்கு வாடகை உண்டு. காத்துக்கிடக்கும் உடம்புக்கு மாத்திரம் இல்லை.

“வியாபாரமே இல்லாதபோது முதலாளி எங்கிருந்து கொடுப்பான்?” என்று கேட்பார்கள். இது ஒதுக்கிவிடத் தக்க கேள்வியல்ல. பத்துத் தறி போட்டு, கூலிக்கு நெய்து கொடுத்து, தானும் மனைவியும் தறியில் நிற்கின்ற ஒருவனிடம் போய் நாலு ஆளுக்கு மூன்று மாதக் கூலி கொடு என்றால் அவன் தறியை விற்கவேண்டியதுதான். ஆதலால் இது முதலாளி ஒருவனின் தலையில் மாத்திரம் கட்டுகின்ற சுமையல்ல. மற்ற தேசத்தார் இதை எப்படிச் செய்தார்கள் என்று பார்த்தால் வழி தெரியும். இங்கிலாந்தில் 2020 மார்ச்சு முதல் 2021 செப்டம்பர் முடிய, வீட்டிலிருக்கும்படி சொல்லப்பட்ட ஆளுக்கு நூற்றுக்கு 80 பங்கு, மாதம் 2,500 பவுனுக்கு மேற்படாமல் கிடைக்கும்படி ஏற்பாடு செய்து, அதில் பெரும்பகுதியைச் சர்க்கார் கஜானாவே ஏற்றது. ஜெர்மனியில் வெகுகாலமாகவே குறைவேலைப் படி என்று ஒன்று உண்டு. இழந்த கூலியில் 60 பங்கு; பிள்ளைகள் உள்ளவனுக்கு 67. கொரோனாக் காலத்தில் நாள் நீள நீள அதைக் குறைக்கவில்லை. ஏழாவது மாதத்திலிருந்து 80, 87 என்று ஏற்றினார்கள். நாளாக ஆகக் கையிருப்புக் கரையும், ஆகவே உதவி கூடவேண்டும் என்பது அவர்கள் கணக்கு. நாளாக ஆகப் பாதியையும் பாக்கி போடலாம் என்பது நமது கணக்கு!

நம்மிடமும் ஒரு நிதி இல்லாமலில்லை. ஈ.எஸ்.ஐ.யில் தொழிலாளியும் முதலாளியும் கட்டுகின்ற பணத்திலிருந்து, வேலை இழந்தவருக்கு 90 நாள் வரை நிவாரணம் கொடுக்கும் திட்டம் 2018-ல் வந்தது. கூலியில் கால் பங்காக இருந்ததை 2020-ல் அரைப்பங்காக்கினார்கள். ஆயுளில் ஒரு முறைதான். அதிலும் வேலை “இழந்திருக்க” வேண்டும். மஸ்டரில் பெயரை வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறவன் வேலை இழந்தவனும் அல்ல, வேலையில் இருப்பவனும் அல்ல. திரிசங்கு சொர்க்கம் என்று புராணிகர்கள் கதை சொல்லுவார்களே, அதைக் கண்ணால் பார்க்கவேண்டுமானால் ஒண்டிப்புதூருக்கு வந்தால் போதும்.

அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு காட்சியும் நடந்தது. 2021 மே மாதம், ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லாமல் ஜனங்கள் அலைந்த சமயத்தில், இருகூர்ப் பக்கத்தில் ஓர் ஆதீனம் “கொரோனா தேவி” என்று ஒரு சிலை செய்து வைத்து யாகம் நடத்திற்று. முன் காலத்தில் பிளேக் வந்தபோது பிளேக் மாரியம்மனை உண்டாக்கிய ஊரல்லவா! அந்தத் தேவிக்குக் கற்பூரம் தவறாமல் எரிந்தது. மில் தொழிலாளிக்கு ரேஷன் கடையில் வாங்கியதுதான் எரிந்தது. நமக்கு உண்டான நஷ்டம் கிருமியால் வந்தது பாதி, மனிதர் செய்த சட்டத்தால் வந்தது பாதி என்று எண்ணிப் பார்க்கவேண்டியவனை, இது தெய்வக் குற்றம், இது தலைவிதி என்று கும்பிடவைத்துவிட்டால், மானேஜர் முன்னால் கை நீட்டிக் கணக்குக் கேட்க அவனுக்கு எப்படித் துணிவு வரும்?

நாம் கேட்பது பெரிதல்ல. மூன்று மாதத்திற்கு மேல் ஒருவனை வாசலில் நிறுத்துவதானால், நான்காவது மாதம் முதல் முழுக்கூலி கொடுக்கவேண்டும். முடியாது என்றால் மில்லை மூடுவதாக வெளிப்படையாகச் சொல்லி, சர்வீசுக்கு உரிய கிராஜுவிடியும் நஷ்டஈடும் கையில் கொடுத்து அனுப்பவேண்டும். ரங்கவிலாஸ், பங்கஜா மில்களின் நிலம் நகரத்து நடுவில் தங்கமாகக் கிடக்கிறது. அதை என்ன செய்வது என்று டில்லியில் யோசிக்கிறவர்கள், அந்த நிலத்திற்கு மதிப்பு உண்டாக்கியவனின் பாக்கியை முதல் வரியில் எழுதிவிட்டுப் பிறகு யோசிக்கட்டும். பதிலிக்கும் பயிற்சிப் பெண்ணுக்கும் காண்டிராக்ட் ஆளுக்கும் அவர்கள் அதுவரை வந்த நாட்களின் சராசரியைக் கொண்டு லே-ஆப் கொடுக்க ஒரு வரி திருத்தம் போதும். தினசரி வாசலில் தலைகாட்டும் வழக்கத்தை நாளைக்கே எடுத்துவிடலாம். ஆள் தேவையானபோது சொல்லி அனுப்ப இன்று ஒவ்வொருவர் கையிலும் போன் இருக்கிறது. 50 பேருக்குக் குறைந்த பட்டறைகளுக்கு, ஓடுகின்ற நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிச் சேர்த்து நிற்கின்ற நாட்களில் எடுக்கும்படி ஈ.எஸ்.ஐ.யிலேயே ஒரு தனிக் கணக்கு வைத்து, அதில் சர்க்காரும் ஒரு பங்கு போடவேண்டும்.

இவைகளில் எதற்கும் புதிய கமிட்டி வேண்டியதில்லை. கோவை மில்களின் பாக்கியைப் பொறுத்தவரை சட்டம்கூட வேண்டியதில்லை. அங்கே முதலாளியும் சர்க்கார், சட்டம் செய்கிறவரும் சர்க்கார். 2020 மார்ச்சு 29-ந் தேதி தாம் போட்ட உத்தரவின் நகலைத் தம் சொந்த மில் ஆபீசுக்கே அனுப்பிவைத்தால் போதும்.