காதை நம்பி வால்வைக் கெடுக்காதீர்

“கிடார் ஆம்ப்ளிஃபயரில் பவர் வால்வு மாற்றினால் மீட்டர் எதற்கு? சத்தம் காதுக்கு இனிக்கும்வரை வால்வின் கரண்ட்டை நிர்ணயிக்கும் பயாஸைத் திருகினால் போதும்” என்கிறது ஒரு வாதம். லைன் வோல்டேஜ் ஏறி இறங்கும் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக்கு இது கொஞ்சமும் ஒத்துவராது.

இஎல் 34 வால்வின் பிளேட் தாங்குவது 25 வாட். பிளேட்டில் 450 வோல்ட் இருந்தால், 39 மில்லி ஆம்பியரிலேயே 17.5 வாட் வந்துவிடும். வரம்பில் 70 சதவீதம். பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில், லைன் 210 வோல்ட்டுக்கு இறங்கியிருக்கும்போது பயாஸை இப்படி வைத்துவிட்டு, அவை நின்ற பின் இரவில் லைன் 250-ஐத் தொட்டால்? பிளேட் வோல்டேஜ் 535-ஐ நெருங்கும், கரண்ட்டும் கூடவே ஏறும். கணக்குப் போட்டால் சுமார் 27 வாட்! பிளேட் சிவக்கத் தொடங்கும். காது இதை முன்கூட்டிச் சொல்லாது.

வாக்ஸ் ஏசி 30 போன்ற கேத்தோடு பயாஸ் ஆம்ப்களில் திருக ஒன்றுமில்லை என்பது உண்மைதான். அதையே ஃபிக்ஸட் பயாஸ் மார்ஷலுக்கும் சொல்வது அநியாயம்.

கேத்தோடில் 1 ஓம் ரெசிஸ்டர் வைத்தால் மீட்டர் காட்டும் மில்லிவோல்ட்டே மில்லி ஆம்பியர். அந்த நேரத்து லைன் வோல்டேஜையும் குறித்துக்கொள்ள வேண்டும். சால்டரிங் வேலைக்கு முன் கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்தே ஆக வேண்டும். சுவிட்சை அணைத்த பிறகும் உயிரைப் பறிக்கும் மின்சாரம் அதில் நிற்கும்.