ஊசியும் உத்தரவும்

2021 டிசம்பரில் புதுவை சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது. கொரோனா தடுப்பு ஊசியை எல்லோரும் கட்டாயம் போட்டுக்கொள்ள வேண்டும். மறுத்தால் 1973-ம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டப்படி நடவடிக்கை. அதே மாதம் வில்லியனூர் வட்டாரத்தில், வீடு தேடி வந்த சுகாதார ஊழியர்களைக் கண்டதும் ஒருவர் மரத்தின் மேல் ஏறிக்கொண்டார். ஊரே சிரித்தது. சிரிக்க வேண்டிய விஷயம்தானா அது?

பயத்துக்குக் காரணமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. ஜுரம், கைவலி, அசதி பலருக்கு வந்தன. இரண்டொரு நாளில் போயின. அது இருக்கட்டும். 'கோவிஷீல்டு' ரக மருந்தால் மிகச் சிலருக்கு ரத்தம் உறையும் கோளாறு உண்டாயிற்று. பிரிட்டனில் முதல் ஊசி போட்டுக்கொண்ட பத்து லட்சம் பேரில் சுமார் 15 பேருக்கு அது வந்தது. அவர்களில் சிலர் மாண்டனர். இந்திய நிபுணர் குழு 2021 மே மாதம் தந்த கணக்கு, பத்து லட்சம் ஊசிக்கு 0.61. நம் ஊரில் எல்லாக் கேஸும் கணக்கில் ஏறியிருக்குமா என்பது வேறு கேள்வி.

தராசின் மறு தட்டைப் பார்ப்போம். 2011 கணக்குப்படி புதுவைப் பிரதேசத்தின் ஜனத்தொகை பன்னிரண்டரை லட்சம். கொரோனாவுக்குப் பலியானவர்கள் ஏறத்தாழ 2,000 பேர். அதாவது, அறுநூறு பேருக்கு ஒருவர்!

ஆனால், எல்லோருக்கும் ஒரே தராசு அல்ல. நோய் வயோதிகர்களையும் நீரிழிவுக்காரர்களையும்தான் அதிகம் கொண்டுபோயிற்று. அறுபது வயதுக்காரருக்கு ஊசியின் பக்கம் தட்டு சட்டென்று தாழ்கிறது. இருபது வயதுப் பையனுக்கு அவ்வளவு தாழ்வதில்லை. நாற்பதுக்கு உட்பட்டவர்களுக்கு வேறு ரக மருந்தைக் கொடுக்கலாம் என்று பிரிட்டன் 2021 மே மாதமே சொன்னது இதனால்தான். திண்ணையில் உட்கார்ந்து இதைப் பத்து நிமிஷம் விளக்கியிருந்தால், மரம் ஏறியவர் தாமே இறங்கியிருக்கக்கூடும்.

பிரெஞ்சு தேசமும் 2018-ல் குழந்தைகளுக்கு 11 தடுப்பு ஊசிகளைக் கட்டாயமாக்கியது. ஆனால் அவை பல்லாண்டு பழகிய ஊசிகள். கொரோனா ஊசிக்கோ அப்போது ஒரு வயதுகூட நிரம்பவில்லை.

யாரையும் வற்புறுத்தி ஊசி போடக் கூடாது என்றும், பக்க விளைவுகளின் விவரத்தைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும் என்றும் 2022 மே 2-ந் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில், ஊசியால் நேர்ந்த மரணங்களுக்கு நஷ்டஈடு தரத் தான் பொறுப்பல்ல என்று மத்திய சர்க்கார் அதே கோர்ட்டில் கூறியது. ஊர் நலனுக்காக ஊசி போட்டுக்கொண்டு உயிரிழந்தவரின் குடும்பம் வக்கீலைத் தேடி அலைவது நியாயமா? பிரிட்டனில் இதற்கென்றே 1979-ல் சட்டம் செய்துவிட்டார்கள்.