தேயாத பந்து

மதிப்பிற்குரிய வட்டார வளர்ச்சி அலுவலர் அவர்களுக்கு,

மனு எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது ஐயா. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்த மனுகூட சுற்றிச் சுற்றி உங்கள் மேசைக்கே வந்து, 'உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று உங்கள் கையெழுத்தோடு எங்களிடம் திரும்பியது. யார்மீது புகாரோ அவரே விசாரணை அதிகாரி! அதனால்தான் ஊரறிய இந்த மடல்.

2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்தது. எங்கள் ஊருக்கும் இப்போது நீங்கள்தான் தனி அலுவலர். தலைவர் இருந்தால் அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து சண்டையாவது போட்டிருப்போம்.

விஷயம் ஊராட்சியின் பழைய டிவி ரூம். வீட்டுக்கு வீடு இலவச டிவி வந்த பிறகு அதில் ஆடு கட்டியிருந்தார்கள். எங்கள் இளைஞர் மன்றத்துப் பையன்கள் புழுக்கையைக் கூட்டி அள்ளி, வெள்ளையடித்து, கேரம் போர்டு வாங்கிப் போட்டார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குக் காலேஜ் போகிற பெண்கள் இருவர் கணக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். ஏழரைக்கு மேல் ஆட்டம். வீட்டுப்பாடம் முடிக்காதவன் கைக்கு ஸ்ட்ரைக்கர் வராது. மன்றத்தின் சட்டதிட்டம் மொத்தமும் அவ்வளவுதான்.

இளைஞர் மன்றம் என்றாலே நீங்கள் முகம் சுளிப்பது ஏன் என்று தெரியும். ஃபிளெக்ஸ் வைக்கவும் திருவிழாவில் வசூல் செய்யவும் மட்டுமே நடக்கிற மன்றங்களை நாங்களும் பார்த்திருக்கிறோம். சில மன்றங்களின் பெயர்ப்பலகை வண்ணத்திலேயே சாதி தெரிந்துவிடும். எங்கள் அறை ஊருக்கும் காலனிக்கும் நடுவில் இருக்கிறது. ஒரே போர்டின் நாலு பக்கமும் இரண்டு தெருப் பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள். முதலில் சில வீடுகளில் முணுமுணுத்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். நாங்குநேரியில் சாதி வெறியில் ஒரு பள்ளி மாணவன் வெட்டப்பட்ட பிறகு நீதியரசர் சந்துரு தலைமையில் குழு அமைத்து, 2024 ஜூனில் அறிக்கையும் வாங்கிவைத்திருக்கிறது அரசு. அந்தக் கவலைக்கு எங்கள் ஊரில் செலவில்லாமல் கிடைத்த சிறு மருந்தை நீங்கள் பூட்டிவைத்தீர்கள்.

காரணம், 'பாதுகாப்பு'. இப்போது அங்கே பாதுகாப்பாக இருப்பவை ப்ளீச்சிங் பவுடர் மூட்டைகளும் சக்கரம் கழன்ற குப்பை வண்டியும்.

ஒரு பையனைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எட்டாம் வகுப்பு. அப்பா திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கிறார். அம்மா நடவுக்குப் போய்த் திரும்ப இருட்டிவிடும். அறை திறந்திருந்த காலத்தில் அவன் இரண்டு நாள் வராவிட்டால் மன்றத்து அண்ணன் ஒருவன் அவன் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்துவான். "ஏன்டா வரல?" மன்றம் பிள்ளைகளுக்கு என்ன செய்தது என்று கேட்டீர்களே, இதைத்தான் செய்தது. வாத்தியாரும் பெற்றவர்களும் பக்கத்தில் இல்லாத நேரத்தில் கேட்பதற்கு ஓர் ஆள். கேரம் வெறும் சாக்கு.

இப்போது அவன் சாயங்காலம் எங்கே இருக்கிறான் தெரியுமா சார்? மதுக்கடைக்குப் பின்னால், கருவேலங்காட்டில். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் அல்லவா? குடித்தவர்கள் வீசிவிட்டுப் போனதைப் பொறுக்கிச் சாக்கில் கட்டுகிறான். கடையில் கொடுத்துக் காசு வாங்க ஒரு பெரிய மனிதர் இருக்கிறார். ஆளுக்குப் பாதி. போன மாதம் உள்ளங்கையைக் கண்ணாடி கிழித்து நாலு தையல். கட்டுப் போட்ட கையோடு மறுநாளும் போனான்.

அரசின் இந்த மதுக்கடைத் திட்டத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பகல் 12 மணிக்கு ஷட்டர் ஏறினால் இரவு 10 மணிக்குத்தான் இறங்குகிறது. யாரும் மனுப் போட வேண்டியதில்லை.

இன்னொரு திட்டமும் இருக்கிறது. 12,525 ஊராட்சிகளுக்கும் 33 வகை விளையாட்டுப் பொருட்கள் என்று 2024-இல் தொடங்கினார்கள். எங்கள் ஊருக்கும் வந்தது. பள்ளி மைதானத்தில் பையைப் பிரித்து, வாலிபாலைப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். படம் எடுத்ததும் பந்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அது இன்றும் ஊராட்சி அலுவலகத்தில்தான் இருக்கிறது. காற்று இறங்கியிருக்கும், வேறு சேதமில்லை. கேட்டபோது நீங்கள் சொன்ன பதிலை இப்போது டீக்கடையில் எல்லோரும் சொல்லிச் சிரிக்கிறார்கள். "பந்து தேஞ்சுபோச்சுன்னா ஆடிட்ல யாருய்யா பதில் சொல்றது?"

பையன் தேய்ந்தால் எந்த ஆடிட்டில் கேட்பார்கள் சார்?

சென்னை கண்ணகி நகரின் கார்த்திகா ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் கபடியில் தங்கம் வென்று வந்ததும் நாடே கொண்டாடியது. எங்கள் ஊரிலும் ஒரு பெண் அப்படி வந்து நின்றால் முதல் சால்வை உங்களுடையதாகத்தான் இருக்கும், எனக்குச் சந்தேகமே இல்லை. அவளுக்கு இப்போது ஒன்பது வயதிருக்கலாம். பூட்டிய டிவி ரூம் படியில் உட்கார்ந்து கல்லாங்காய் ஆடிக்கொண்டிருக்கலாம்.

நிதி கேட்கவில்லை, கட்டடம் கேட்கவில்லை. சாவியைத் தாருங்கள். மூட்டைகளை இறக்கிவைக்க ஆள் வேண்டாம், நாங்களே சுமக்கிறோம். தர முடியாது என்றால் 'பரிசீலனையில் உள்ளது' என்று மட்டும் எழுதாதீர்கள். முடியாது என்றே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அதைப் பெரிதாக நகலெடுத்து அந்தக் கதவிலேயே ஒட்டிவிடுகிறோம், பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும். பந்து தேய்ந்ததற்கு ஆடிட்டில் கேள்வி வந்தால் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
இளைஞர் மன்றச் செயலாளர்