ஆகாயத்தில் நோன்பு திறப்பது எப்போது?



2025 மார்ச், றமழானின் நடுப்பகுதி. வட்டகொடையில் கடை வைத்திருக்கும் ஒரு குடும்பத்தின் உம்மா உம்றாவுக்குப் புறப்பட்டார். ஸஹர் உண்டு, ஸுப்ஹுக்கு முன்பே வேன் கிளம்பிவிட்டது. கட்டுநாயக்க 200 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் மலைப்பாதையில் வளைந்து வளைந்து இறங்க ஐந்தாறு மணி நேரம். பிற்பகல் 2.30க்கு விமானம். ஜித்தாவை அடைவது மாலை 6 மணி என்று சீட்டில் இருந்தது. "மூன்றரை மணி நேரம்தானே, மஃரிபுக்கு முன் இறங்கிவிடலாம் உம்மா" என்றாள் மகள்.

கணக்கு பிழைத்தது. கொழும்பிலிருந்து ஜித்தா நேர்கோட்டில் ஏறக்குறைய 4,650 கிலோமீட்டர். மணிக்கு 850, 900 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தாலும், ஏறி இறங்கும் நேரம் சேர்த்து ஆறு மணி நேரம் வேண்டும். சீட்டில் உள்ளவை இரண்டு ஊர்களின் நேரங்கள். சவூதி நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். அங்கே மாலை 6 என்றால் வட்டகொடையில் இரவு 8.30. முன்பு ஹஜ் செய்த பெரியவர்கள் மூன்று மணி வித்தியாசம் என்பார்கள். அதுவும் பொய்யல்ல. 1996 இல் நமது கடிகாரத்தை முன்னே நகர்த்தினார்கள். 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பினோம்.

உம்மா கைக்கடிகாரத்தை மாற்றவில்லை. அது 6.25 காட்டியதும், பிள்ளைகள் வீட்டில் நோன்பு திறப்பார்கள் என்ற நினைவோடு பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தார். பக்கத்தில் இருந்த பெண் யன்னல் மறைப்பை உயர்த்தினார். வெயில் முகத்தில் அடித்தது. மீதிப் பயணம் முழுக்க அழுதாராம். ஊர் திரும்பியதும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "மௌலவி, என் உம்றா கூடியதா?"

உம்றாவுக்கு அதனால் எந்தக் குறையும் இல்லை. அறியாமல் செய்ததற்குக் குற்றமும் இல்லை. அந்த ஒரு நோன்பைக் களாச் செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

சகோதரிகளே, நோன்பு திறப்பது கடிகாரத்தைப் பார்த்தல்ல, நாம் இருக்கும் இடத்தில் சூரியன் மறைவதைப் பார்த்து. மேற்கே பறப்பவர் சூரியனின் பின்னால் போகிறார், பகல் நீள்கிறது. அன்று வட்டகொடையில் நோன்பு 13 மணி நேரம் சொச்சம். அந்த உம்மாவுக்கோ 16 மணி நேரம். உயரமும் ஒரு காரணம். துபாயின் புர்ஜ் கலீபாவில் 80ஆம் மாடிக்கு மேல் இருப்போர் இரண்டு நிமிடமும், 150க்கு மேல் இருப்போர் மூன்று நிமிடமும் தாமதித்தே நோன்பு திறக்க வேண்டும் என்று அங்குள்ள உலமாக்கள் 2011 இல் அறிவித்தார்கள். விமானமோ பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. கீழே பாங்கு சொன்ன பின்னும் மேலே சூரியன் தெரியும். அது மறையும்வரை பொறுக்க வேண்டும். கிழக்கே திரும்பி வரும்போது பகல் சுருங்கும். அப்போதும் இதே சட்டம்தான்.

பயணிக்கு அல்லாஹ் தந்த சலுகையையும் மறக்க வேண்டாம். அல்பகறா அத்தியாயம், 185ஆம் வசனத்தைப் பாருங்கள். ஸுப்ஹுக்கு முன் ஊர் எல்லையைத் தாண்டிய அந்த உம்மா, அன்று நோன்பை விட்டுப் பின்னர் பிடித்திருக்கலாம். ஷாபிஈ மத்ஹபில், ஸுப்ஹுக்குப் பின் புறப்படுபவருக்குப் பயணம் மட்டும் காரணமாகாது. நோயும் கடும் சிரமமும் வேறு. அவருக்கோ சீனி வருத்தமும் உண்டு. 16 மணி நேரம் உணவில்லாமல், மாத்திரை நேரமும் தவறினால் என்னாகும்? சலுகையை ஏற்பது ஈமானின் குறைவல்ல.

ஆகவே உங்கள் உம்மாவையோ மாமியையோ அனுப்பும்போது, பெட்டி கட்டுவதோடு ஒரு தாளில் மூன்று விடயம் எழுதிக் கொடுங்கள்: பறக்கும் நேரம் எவ்வளவு, அங்கே இறங்கும்போது நம் ஊரில் மணி எத்தனை, மாத்திரை எப்போது. மாத்திரையை வைத்தியரிடம் கேட்டே எழுதுங்கள்.

அந்த உம்மா ஷவ்வாலிலேயே களாவைப் பிடித்துவிட்டார். அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக!