கண்ணீர் காயுமுன்!

செஞ்சிக்கருகே மண்டகப்பட்டு. செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பு இல்லை. பாறையைக் குடைந்தே மும்மூர்த்திகளுக்குக் கோயில் கண்டதாக 7ஆம் நூற்றாண்டிலே கல்லில் பொறித்து வைத்தான் மகேந்திரவர்மன். வியந்தோம்! ஆனால், தோழர்களே, குடைந்தவன் கை கொப்பளித்ததைச் சொல்ல அங்கே ஓர் எழுத்தும் இல்லையே!

அதே செஞ்சிச் சீமையில்தான் விடிய விடியத் தெருக்கூத்து. துகிலுரியும் கட்டம். பாஞ்சாலி வேடத்தில் நிற்பவன் ஆண்மகன் என்பதை ஊரே அறியும்; அறிந்தும் அழுகிறது. நல்ல கண்ணீர்தான், பழிக்கமாட்டோம். விடிந்ததும் அடுத்த வீட்டுப் பெண் அடிபட்டு அலறினால், "அது அவர்கள் குடும்ப விவகாரம்" என்று துண்டை உதறித் தோளிலே போட்டுக்கொண்டு நடக்கிறோமே, அது ஏன்?

கண்ணீர் கையை எட்டிய கதை வங்கத்திலே உண்டு. 1943 பஞ்சத்தில் ஓவியர் சித்தபிரசாத் மேதினிப்பூர்க் கிராமங்களில் அலைந்து, எலும்பும் தோலுமாய்க் கிடந்தோரைத் தீட்டினார். 1944இல் இந்திய மக்கள் நாடக மன்றத்தார் 'நவான்னம்' நாடகத்தை மேடையேற்றினர். அவர்களுடைய கலைக்குழுக்கள் ஊரூராகச் சென்று பாடின, ஆடின; கூட்டம் கலையுமுன்பே பஞ்ச நிவாரணத்துக்கு நிதி கேட்டன. அழுதவர்கள் கொடுத்தார்கள். கேட்க ஆள் இருந்தது, அதுதான் வேறுபாடு! பாஞ்சாலிக்காக அழுத கூட்டத்திடம், "அந்த வீட்டுக் கதவையும் தட்டுவோம், வாருங்கள்" என்றழைக்க நம்மில் ஒருவர் எழுந்தால், எத்தனை பேர் மறுப்பர்?

வெள்ளை ஆட்சிக்கு இது புரிந்திருந்தது. சித்தபிரசாத்தின் 'பசித்த வங்கம்' நூலைப் பறிமுதல் செய்து எரித்தது. தப்பிய பிரதியைக் கொண்டு 2011இல் அது மீண்டும் அச்சேறியது.