நன்னடத்தை அலுவலரின் வேலைநேரம்

குற்றம் உறுதியானவரையும் சிறைக்கு அனுப்பாது நன்னடத்தைப் பிணையில் விடுவிக்க 1958ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்கிறது. நன்னடத்தை அலுவலரின் அறிக்கை ஏதேனும் இருப்பின் நீதிமன்றம் அதனைக் கருத வேண்டும் என்கிறது 4ஆவது பிரிவு. அந்த ‘இருப்பின்’ என்ற சொல்லில்தான் ஏழையின் விடுதலை தொங்குகிறது.

அலுவலரின் பகற்பொழுதை நீதிமன்றமும் கோப்புகளும் விழுங்குகின்றன. கூலித்தொழிலாளியையோ பொழுது சாய்ந்த பின்னரே வீட்டில் காண இயலும். சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் தொலைவும் சேர்ந்துகொள்கிறது. சேஷாசலம் காட்டில் செம்மர வழக்கில் ஜவ்வாது மலைச் சிறுவன் ஒருவன் பிடிபட்டால், 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டப்படி இரண்டு வாரங்களுக்குள் சமூக ஆய்வறிக்கை தேவை. விசாரிக்க வேண்டிய வீடோ மாநில எல்லைக்கு அப்பால்.

வீட்டு விசாரணைக்குச் செல்லும் மாலையையும் ஞாயிறையும் வேலைநேரமாகக் கணக்கிட்டு, ஈடுசெய் விடுப்பும் பயணப்படியும் வழங்கவும், தமிழறிந்த அலுவலர்களை நியமிக்கவும் ஆந்திர அரசு முன்வர வேண்டும்.